சமையலறை அலமாரி: பலகைக்குள் என்ன இருக்கிறது?

சிங்க்கின் கீழே இருந்த அலமாரிக் கதவு ஒரு நாள் சாத்த வரவில்லை. குனிந்து பார்த்தேன். அடிப்பலகை பாலில் ஊறிய ரொட்டியைப் போல உப்பிக் கிடந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. நகக்கண்ணில் ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. குழாய் இணைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீர் எத்தனை மாதங்களாக அதற்குள் இறங்கிக்கொண்டிருந்ததோ! செய்து நான்கு ஆண்டுகள்கூட ஆகாத அலமாரி அது. பார்க்க வந்த தச்சர் கீலைத் தொட்டதுமே அது திருகாணியோடு கையில் வந்துவிட்டது. "இதில் இனி ஆணி நிற்காது. கழற்றிவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும்" என்றார்.

கழற்றிய பலகைகளை என்ன செய்வது என்பது அடுத்த கவலை. பழைய இரும்பை எடைக்குப் போடலாம். பழைய தேக்கை விலைக்கே கேட்டு வாங்கிப்போவார்கள். மரத்தூளும் பசையும் சேர்ந்து இறுகிய இந்தப் பலகையைப் பழைய சாமான் வாங்குபவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. 'சுற்றுச்சூழலுக்கு ஏற்ற அலமாரி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் தேடத் தொடங்கியது அந்தக் குவியலைப் பார்த்தபிறகுதான். புதிதாகச் சமையலறை செய்யப்போகிறவர்களுக்கு அந்தத் தேடல் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் முதலில் கதவின் நிறத்தைத்தான் காட்டுவார்கள். நாமும் ஒரு மணி நேரம் நிறம் பார்ப்போம். ஆனால் அலமாரியில் பெரும்பங்கு மரம் போவது கண்ணுக்குத் தெரியாத கூட்டுக்குத்தான்: பக்கப் பலகைகள், அடிப்பலகை, முதுகுப் பலகை, தட்டுகள். கூடு எதனால் ஆனது, எதனால் ஒட்டப்பட்டது, எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டுவிட்டு நிறத்துக்குப் போவது நல்லது.

கூட்டுக்குப் பொதுவாக மூன்று வகைப் பலகைகள் வருகின்றன. பிளைவுட் என்பது மரத்தைச் சுழற்றி, பென்சில் சீவும்போது சுருள் விழுவதுபோலத் தாள் தாளாக உரித்து, ஒரு தாளுக்குக் குறுக்கே இன்னொரு தாளை வைத்து ஒட்டி அழுத்துவது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவதால் அது எளிதில் வளையாது, பிளக்காது. பார்ட்டிகிள் போர்டு மரச்சில்லுகளையும் தூளையும் பசையோடு பிசைந்து அழுத்தியது. எம்.டி.எஃப். அதைவிட நுண்மையானது, மரத்தை நார் நாராக்கி இறுக்கியது. பின்னிரண்டும் வீணாகப்போகும் மரத்துண்டுகளையும் பயன்படுத்திக்கொள்வதால் பார்வைக்குச் சிக்கனமானவை. வறண்ட படுக்கையறைக்கு அவை போதும். நீராவியும் கசிவும் உள்ள சமையலறைக்கு, குறிப்பாக சிங்க்கின் பக்கம், அவற்றை வைக்கவே கூடாது என்பது என் அனுபவம் சொல்லும் முடிவு. எங்கள் வீட்டில் உப்பியது பார்ட்டிகிள் போர்டு.

இனி பசைக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைந்த பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை இருக்கும். மலிவானது, விரைவில் இறுகும், நிறமும் தெரியாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் இந்தப் பசை மெல்ல மெல்லச் சிதையும் என்பதுதான் அதன் குறை. சிதையும்போது இரண்டு கேடுகள் நடக்கின்றன. பலகை பிடிப்பை இழக்கிறது. கூடவே ஃபார்மால்டிஹைடு என்ற வாயு அறைக்குள் வெளியேறுகிறது. மே மாதத்துச் சென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம், கடற்காற்றின் ஈரம், போதாததற்குச் சோறு வடிக்கும் ஆவி. குளிர்நாட்டு வீட்டில் அமைதியாக இருக்கும் பலகை இங்கே அதிகமாகவே வாயுவை விடும்.

புது அலமாரியைத் திறந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு காரநெடி, கண்ணில்கூட நீர் கோக்குமே, அதற்குப் பெரும்பாலும் இந்த வாயுதான் காரணம். 'புது வாசனை' என்று நாம் மகிழ்ந்துகொள்கிறோம். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. வீட்டுக்குள் ஒரு கனமீட்டர் காற்றில், 30 நிமிடச் சராசரியாக, 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல். 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்த அமெரிக்க மக்களை அரசு தற்காலிக டிரெய்லர் வீடுகளில் குடிவைத்தது. உள்ளே இருந்த மலிவான பலகைகள் விட்ட வாயுவால் கண்ணெரிச்சலும் மூச்சுத் தொல்லையும் வந்து, அது நாடு முழுவதும் பேசப்பட்டது. 2010-இல் அந்நாடு பலகைகளின் ஃபார்மால்டிஹைடு அளவுக்குத் தனிச்சட்டமே இயற்றியது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் அலமாரியை உடைக்க வேண்டாம். வாயு வெளியேறுவது முதல் சில மாதங்களில் அதிகமாக இருந்து, பிறகு படிப்படியாகக் குறையும். பழைய அலமாரி பெரும்பகுதி வாயுவை ஏற்கெனவே விட்டிருக்கும். புதிதாக வாங்கும்போதுதான் கவனம் வேண்டும்.

மாற்றுப் பசை இருக்கிறது. ஃபீனால் ஃபார்மால்டிஹைடு என்பது அதன் பெயர். பெயரில் அதே சொல் இருந்தாலும் இதன் பிணைப்பு மிக உறுதியானது. கொதிநீரில்கூட எளிதில் பிரியாது, வாயுவும் மிகக் குறைவாகவே வரும். பிளைவுட்டின் வெட்டுவாயைப் பார்த்தால் தாள்களுக்கு இடையே கருஞ்சிவப்பாக, வெல்லப்பாகு காய்ந்ததுபோல ஒரு கோடு ஓடும். அதுதான் இந்தப் பசை. யூரியா பசைக்கு இப்படிக் கோடு தெரியாது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. சாயம் கலந்து ஏமாற்றுவதும் உண்டு.

பலகையில் அச்சிட்டிருக்கும் எழுத்துகளையும் படியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 303 என்று இருந்தால் அது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட். அதற்குள் எம்.ஆர். என்பது ஓரளவு ஈரம் தாங்குவது. பெரும்பாலும் யூரியா பசை. பி.டபிள்யூ.ஆர். என்றால் கொதிநீரைத் தாங்குவது. ஐ.எஸ். 710 என்பது கடைக்காரர்கள் 'மரைன்' என்று சொல்லும் வகை. 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்துச் சோதிப்பார்கள். சமையலறைக்கு பி.டபிள்யூ.ஆர். குறைந்தபட்சம், சிங்க்கின் அருகே 710. இவற்றோடு ஈ-1, ஈ-0 என்ற குறிகள் இருக்கலாம். அவை வாயு வெளியேறும் அளவைக் குறிப்பவை. ஈ-1 என்றால் சோதனை அறையில் கனமீட்டருக்கு ஏறக்குறைய 0.12 மில்லிகிராமுக்குள், ஈ-0 என்று விற்பவை அதைவிடக் குறைவு. வாயால் சொன்னால் ஏற்காமல், சோதனைச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தரமான பொருளை விற்பவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு. கடையில் உள்ளங்கை அளவு வெட்டுத்துண்டு கேட்டு வாங்குங்கள். அதைப் பாதியாக அறுத்து, ஒரு பாதியைச் சுத்தமான ஊறுகாய் பாட்டிலில் போட்டு இறுக மூடி, நாள் முழுக்க வெயிலில் வையுங்கள். மாலையில் மூடியைத் திறந்து, முகத்திலிருந்து சற்றுத் தள்ளியே வைத்து முகர்ந்து பாருங்கள். நான் இரண்டு வகைப் பலகைகளின் துண்டுகளை இரண்டு பாட்டில்களில் வைத்தேன். ஒன்றில் மழையில் நனைந்த மரத்தின் வாசனைதான் வந்தது. மற்றதைத் திறந்த நொடியில், வெங்காயம் நறுக்கியதுபோலக் கண் கரித்தது. இரண்டின் மறு பாதித் துண்டுகளையும், இனிச் சமையலுக்கு எடுக்காத பழைய பாத்திரத்தில் நான்கைந்து மணி நேரம் கொதிக்கவிட்டேன். கண் கரித்த பலகையின் தாள்கள் நனைந்த அட்டைபோலத் தனித்தனியாக வந்துவிட்டன. மற்றது நிறம் மங்கியதோடு சரி. ஆய்வகத்தின் துல்லியம் இதற்குக் கிடையாதுதான். கடையில் கேட்ட பேச்சை விட எனக்கு இது தெளிவாகச் சொன்னது.

அடுத்தது மரம். 'பிளைவுட் வாங்கினால் காடு அழியுமே' என்று பலர் தயங்குகிறார்கள். இதில் ஒரு வரலாறு உண்டு. அது தொடங்கிய இடம் நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர். அங்கே காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை நாட்டின் காட்டுச் சட்டத்தையே புரட்டிப்போட்டது. 'காடு' என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் தந்து, ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. வடகிழக்கின் மரத் தொழிலுக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. அதன்பின் இந்தியப் பிளைவுட் தொழில் விவசாயிகள் வயலில் வளர்க்கும் மரங்களின் பக்கம் நகர்ந்தது. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லரும் தைல மரமும் குவிந்தன. தமிழ்நாட்டில் மலைவேம்பு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி அதை விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பதில் முனைப்பாக உழைத்திருக்கிறது. ஏழெட்டு ஆண்டுகளில் வெட்டக்கூடிய மரம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அலமாரி உளுக்காமல் நிற்கும் காலமெல்லாம் அந்தக் கார்பன் உங்கள் சுவரிலேயே இருக்கும்.

ஆகவே, சாதாரண உள்நாட்டுப் பிளைவுட்டைக் கண்டு குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. நான் எச்சரிப்பது வேறொன்றை. 'முழு கர்ஜன் சார், கை வைத்துப் பாருங்கள்' என்று கடைக்காரர் பெருமையாக ஒரு சிவந்த பலகையை நீட்டுவார். கர்ஜன் தென்கிழக்காசிய மழைக்காடுகளின் நெடுமரம். தோட்டப் பயிர் கிடையாது. இயற்கைக் காட்டிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. மியான்மர் 2014-இல் வெட்டிய உருளை மரங்களின் ஏற்றுமதியை நிறுத்தியதற்கே அங்கே காடு கரைந்துபோனதுதான் காரணம். கடையில் உயர்தரம் என்று சொல்லப்படும் இந்தச் சொல், காட்டின் பக்கம் நின்று பார்த்தால் தலைகீழ். சமையலறைப் பெட்டிக்கு அந்த மரம் வேண்டியதே இல்லை. நல்ல பசையிட்ட வயல்மரப் பிளைவுட் போதும். வெளிநாட்டு மரம்தான் வேண்டும் என்றால் எஃப்.எஸ்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1993-இல் தொடங்கிய அந்த அமைப்பு, காட்டிலிருந்து கடை வரை மரத்தின் வழியைச் சரிபார்க்கிறது.

கன்னியாகுமரிக்காரர்களுக்கும் கேரளத்தாருக்கும் நன்கு தெரிந்த இன்னொரு மரம் ரப்பர். 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரத்தை எப்படியும் வெட்டி மறுநடவு செய்கிறார்கள். முன்பு விறகாகப் போனது இன்று துண்டு துண்டாகக் கோத்துப் பலகையாகிறது. பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் தாக்கும் என்பதால் போரான் உப்புக் கரைசல் ஏற்றிப் பதப்படுத்துவார்கள். கதவுகளுக்கு மிக அழகாக இருக்கும். தண்ணீர் படும் இடத்துக்கு மட்டும் வேண்டாம். மூங்கில் பலகையையும் 'பசுமை' என்று விற்கிறார்கள். மூங்கில் விரைவாக வளரும் புல் என்பது உண்மை. ஆனால் அதையும் பசையால்தான் ஒட்டுகிறார்கள். அதே கேள்வியை அங்கும் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் என்ன செய்தேன்? கூட்டுக்குப் பலகையே போடவில்லை.

என் பாட்டி வீட்டுச் சமையலறையில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள்தான் இருந்தன. இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்திய கல், அவற்றின் மேல் குறுக்கே படுத்த கல். கறுத்து, வழவழத்து, எண்ணெய்க் கை பட்டுப் பட்டுப் பளபளக்கும். அரிசிப் பானையும் புளிப் பானையும் அங்கேதான் நாற்பது ஆண்டுகள் இருந்தன. அந்தக் கல்லில் கரையான் ஏறித் தின்ன எதுவும் இல்லை, ஈரத்தில் உப்பாது, பசை இல்லை, வாயு இல்லை. முன்பக்கம் மட்டும் மரச்சட்டம் பொருத்திக் கதவு போட்டால் இன்றைய மாடுலர் சமையலறைக்கும் அதற்கும் வெளியில் நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பலகைச் செலவில் பெரும்பகுதி மிச்சம். பிற்காலத்தில் கதவு அலுத்துப்போனால் கதவை மட்டும் மாற்றலாம். கூடு அப்படியே நிற்கும்.

கல்லிலும் குறை உண்டு. வெட்டியெடுக்கும் குவாரி மண்ணில் வடு ஏற்படுத்துகிறது, எடை அதிகம், ஆந்திரத்துக் கடப்பாவிலிருந்து லாரியில் வர வேண்டும். அது சுண்ணாம்புக்கல் வகை என்பதால் எலுமிச்சையும் புளியும் சிந்தினால் உடனே துடைக்காவிட்டால் தடம் பதியும். அறுபது ஆண்டு நிற்கப்போகும் ஒரு பொருளுக்கு இவற்றை நான் ஏற்றுக்கொண்டேன். வாடகை வீட்டாருக்கு இது ஒத்துவராது. அவர்கள் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய தனி அலமாரியைத்தான் பார்க்க வேண்டும்.

எவர்சில்வர் அலமாரி இப்போது பரவலாகக் கிடைக்கிறது. ஒரு டன் எஃகு உருவாக உலகச் சராசரியாக ஏறக்குறைய 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அந்த வகையில் தொடக்கச் சுமை பெரிது. ஆயினும் வாழ்நாள் நீண்டது, கடைசியில் எடைக்குப் போட்டால் மீண்டும் உருக்கிவிடுவார்கள். கடலோர ஊர் என்றால் 304 ரகம் கேளுங்கள்; 202 துருப்பிடிக்கும்.

பி.வி.சி. பலகையை 'மரமே வெட்டாத பசுமைப் பொருள், தண்ணீர் புகாது, கரையான் வராது' என்று விற்கிறார்கள். கடைசி இரண்டும் சரி. முதலாவதை என்னால் ஏற்க முடியவில்லை. நச்சுத்தன்மை கொண்ட வினைல் குளோரைடிலிருந்து பிறக்கும் பிளாஸ்டிக் அது. தீப்பிடித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். பழசானால் நம் ஊரில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி எளிதில் கிடைக்காது.

பழைய மரம் கிடைத்தால் விடாதீர்கள். இடிக்கும் வீடுகளின் தேக்குக் கதவும் சட்டமும் காரைக்குடியிலும் சென்னையின் பழைய மரக்கடைகளிலும் கிடைக்கின்றன. புதிதாக ஒரு மரம்கூட வெட்டாமல் பாட்டன் காலத்து வைரம் பாய்ந்த கட்டை கைக்கு வருகிறது. ஒன்று மட்டும் கவனம்: பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவைக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குள் வைத்துத் தேய்க்காதீர்கள். வெளியில், ஈரப்படுத்தி, முகக்கவசம் அணிந்து தேய்க்கச் சொல்லுங்கள்.

நல்ல பலகை வாங்கியபின் மெருகில் கோட்டைவிடுபவர்களும் உண்டு. தச்சுப் பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் மெலமைன் பாலிஷும் ஃபார்மால்டிஹைடு விடும் வகைதான். தண்ணீர் அடிப்படையிலான பூச்சு கேளுங்கள். ஆவி படாத மேல் அலமாரிக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய முறையே அருமையாக இருக்கும். பிளைவுட் கூடு என்றால் திருகாணித் துளை உட்பட எல்லா வெட்டுவாய்களையும் அடைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே போவதும் வாயு வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான். சுவரோடு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாது என்று விடப்படும் பின்விளிம்பில்தான் தச்சர்கள் பெரும்பாலும் சோம்பல்படுகிறார்கள். பொருத்துவதற்கு முன்பே திருப்பிப் பாருங்கள்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சுவர் முழுக்க, கூரை வரை அலமாரி அடிப்பது இப்போதைய வழக்கம். எங்கள் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பரப்பி வைத்தோம். அன்றாடம் எடுப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வரைபடத்திலிருந்து நான்கு பெட்டிகளை அடித்துவிட்டு ஒரு திறந்த தட்டும் ஒரு பரணும் வைத்தோம். சிங்க்கின் கீழே கதவே வைக்கவில்லை. இப்போது குழாய் கசிந்தால் அன்றே தெரிகிறது.

அலமாரி வந்திறங்கியதும் அன்றே அரிசி பருப்பை அடுக்கிவிடாதீர்கள். கதவுகளைத் திறந்துபோட்டு, சன்னலும் திறந்து, மின்விசிறி ஓடவிட்டு இரண்டு மூன்று வாரம் விடுங்கள். வேலை முடிந்ததும் மிஞ்சும் துண்டுகளைப் பல வீடுகளில் வெந்நீர் அடுப்புக்கு எடுத்துவைக்கிறார்கள். பசையிட்ட பலகை, மைக்கா, பி.வி.சி. எதையும் எரிக்க வேண்டாம். அந்தப் புகை நேராகப் பக்கத்தில் நிற்பவரின் மூச்சுக்குத்தான் போகும். பெரிய துண்டுகளைத் தச்சரிடமே கொடுத்துவிடுங்கள். எங்கள் தச்சர் அவற்றில் இரண்டு முக்காலி செய்துகொண்டார். ஒன்று இப்போது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, பரணில் ஏற.